அரியர் கணக்குக்கு யாரிடம் போவது?

ராமநாதபுரத்தில், பஸ் நிலையத்திலிருந்து நடந்து வரும் தூரத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கல்லூரிப் பிள்ளைகளின் படிப்பு எனக்குத் தெரிவதெல்லாம் அவர்கள் நகலெடுக்கும் தாள்களை வைத்துத்தான். அக்டோபர் கடைசியில், மழையும் செமஸ்டர் தேர்வும் ஒன்றாக நெருங்கும் நேரத்தில், ‘முக்கிய வினாக்கள்’ என்று தலைப்பிட்ட ஒரு கட்டு கடைக்கு வரும். எங்கிருந்து கிளம்பியது என்று யாருக்கும் தெரியாது. நகலின் நகலை நகலெடுத்து நகலெடுத்து, என் இயந்திரத்துக்கு வந்து சேரும்போது தொகையிடல் குறி வெறும் கீறலாகவும், அடுக்கு எண்கள் ஈ உட்கார்ந்துவிட்டுப் போன புள்ளிகளாகவும் ஆகியிருக்கும். அதையும் வரிசையில் நின்று வாங்கிக்கொண்டு போகிறார்கள். காசு வாங்குகிற நானே சொல்கிறேன், அதில் பாதியை வாசிக்கவே முடியாது.

இந்த முறை அந்த வரிசையில் என் அண்ணன் மகளும் நிற்க வேண்டிய நிலை. வீடு பாம்பனில். அண்ணன் விசைப்படகில் பங்குக்குப் போகிறவர். அவள் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். மூன்றாம் செமஸ்டரில் வரும் ‘டிரான்ஸ்ஃபார்ம்ஸ் அண்டு பார்ஷியல் டிஃபரன்ஷியல் ஈக்குவேஷன்ஸ்’ என்ற கணக்குத் தாள் இரண்டு முறை எழுதியும் அரியராகவே நிற்கிறது. “நீ டவுனில் இருக்கிறவன். எங்கே சேர்த்தால் தேறுவாள் என்று விசாரித்துச் சொல்” என்றார் அண்ணன். பத்தாம் வகுப்போடு கணக்கை விட்டவன் நான். விசாரிப்பதற்குக் கணக்கு தெரிய வேண்டியதில்லை என்று நினைத்துக்கொண்டு கிளம்பினேன்.

கிளம்பும் முன் ஒன்று மட்டும் உருப்படியாகச் செய்தோம். தேர்வு முடிவு வந்ததும் குறிப்பிட்ட நாட்களுக்குள் விண்ணப்பித்து, சில நூறு ரூபாய் கட்டினால், திருத்திய விடைத்தாளின் நகலை அண்ணா பல்கலைக்கழகம் தருகிறது. மறுமதிப்பீட்டுக்குப் போகிறவர்கள்தான் பெரும்பாலும் அதை வாங்குகிறார்கள். மதிப்பெண் கூடுமா என்று பார்த்துவிட்டுத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். நாங்கள் ஏப்ரல்–மே தேர்வின் விடைத்தாளை வாங்கி வைத்துக்கொண்டோம். போன இடத்திலெல்லாம் அதை முதலில் எடுத்து நீட்டினேன். கட்டணம், நேரம், பேச்சு எல்லாம் பிறகு. அந்தத் தாளை வாங்கிப் பார்க்கிறார்களா, எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்பதுதான் என் அளவுகோல்.

தேற எவ்வளவு வேண்டும் என்பதையும் தெரிந்துகொண்டேன். 2021 ஒழுங்குமுறைப்படி இந்தத் தாளுக்கு அக மதிப்பீடு 40, பல்கலைக்கழகத் தேர்வு 60. தேர்வை 100 மதிப்பெண்ணுக்கு எழுதுகிறார்கள்: இரண்டு மதிப்பெண் வினா பத்து, 13 மதிப்பெண் வினா ஐந்து, 15 மதிப்பெண் வினா ஒன்று. தேர்வில் 100-க்கு 45 வாங்க வேண்டும். இரண்டும் சேர்த்துப் பாதியாவது வர வேண்டும். எங்கள் பெண் தேர்வில் வாங்கியிருந்தது 31. பதினான்கு மதிப்பெண் தொலைவு. ஒரே ஒரு பெரிய வினா முழுதாகச் சரியாக வந்து, சிறியது ஒன்றும் கைகொடுத்தால் கரை தெரிகிற தூரம்தான். இந்த எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளாமல் டியூஷன் தேடப் போனால், ஐந்து யூனிட்டையும் முதலிலிருந்து நடத்துகிறோம் என்று சொல்கிறவர்களிடம் மயங்கிவிடுவோம்.

முதலில் கல்லூரி. அங்கே ஏற்கெனவே கட்டணம் கட்டியாயிற்று என்பதால், நியாயமாகப் பார்த்தால் முதல் கதவு அதுதான். ஒவ்வொரு மாணவரையும் துறையின் ஓர் ஆசிரியர் பொறுப்பில் விட வேண்டும், படிப்பு முடியும்வரை அவரே வழிகாட்டியாக இருக்க வேண்டும் என்று அண்ணா பல்கலைக்கழக ஒழுங்குமுறையிலேயே இருக்கிறது. ஃபேகல்டி அட்வைசர் என்கிறார்கள். நாக் குழு தர மதிப்பீட்டுக்கு வரும்போதும் வழிகாட்டி ஒருவருக்கு எத்தனை மாணவர் என்று கேட்கிறது. ஆகவே ஏட்டளவில் இந்த ஏற்பாடு இல்லாத கல்லூரி இல்லை. நோட்டு இருக்கிறது, கையெழுத்து இருக்கிறது. எங்கள் பெண்ணின் நோட்டில் ‘அரியர்: 1. அறிவுரை வழங்கப்பட்டது’ என்று இரண்டு முறை எழுதியிருந்தது. அறிவுரை என்னவென்று கேட்டேன். “நன்றாகப் படி என்றார், சித்தப்பா.”

அந்த ஆசிரியரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வகுப்பு, உள்மதிப்பீடு, ஆவணம் என்று அவர் தலைக்கு மேல் வேலை. மாலையில் சிறப்பு வகுப்பு வைத்தாலும் தீவுப் பிள்ளைகளால் உட்கார முடியாது. கல்லூரி பஸ் கிளம்பிவிடும், அதை விட்டால் பாம்பனுக்கு நாற்பது கிலோமீட்டருக்கு மேல் தனியாக வர வேண்டும். இருந்தாலும் ஒன்றைக் கவனித்தேன். மதிய இடைவேளையில் போய் “கணக்கு புரியவில்லை சார்” என்றபோது கிடைத்தது அறிவுரை. அதே பெண் வேறொரு நாள் ஒரே ஒரு வினாவைப் பாதிவரை போட்டு, நின்ற இடத்தில் வட்டமிட்டு எடுத்துப் போனாள். அதே ஆசிரியர் நின்றபடியே நான்கு நிமிடம் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார். கல்லூரியை விலக்கிவிட வேண்டாம். அதற்கு இப்படித்தான் போக வேண்டும். ஆனால் அதை மட்டும் நம்பி நவம்பரை எதிர்கொள்ள முடியாது.

டவுனில் உள்ள டியூஷன் சென்டர்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பலகைகளைப் பார்த்தாலே தெரியும்: பத்து, பிளஸ் டூ, நீட். பொறியியல் கணக்கு எடுப்பதாகச் சொன்ன ஓர் இடத்தில் தாளை நீட்டினேன். அங்கிருந்தவர் மதிப்பெண்ணை மட்டும் பார்த்துவிட்டு, “ஞாயிறு காலை பேட்ச், முழுத் தாளுக்கு ஒரே தொகை, முன்பணம்” என்றார். விடைத்தாளைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. அங்கே கரும்பலகையில் நடப்பதும் இவள் கல்லூரியில் ஏற்கெனவே பார்த்ததுதான். போக வர அரை நாள் போகும், அதற்குப் பஸ் கட்டணம் தனி.

ராமேஸ்வரம் தீவிலிருந்து யோசிக்கிறவர்களுக்கு இந்தப் போக்குவரத்து சின்ன விஷயம் அல்ல. பழைய ரயில் பாலத்தில் 2022 டிசம்பரில் போக்குவரத்து நின்ற பிறகு, 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறக்கும்வரை ரயில் மண்டபத்தோடு நின்றது. அந்தக் காலத்தில் ராமநாதபுரம் வந்து படித்த பிள்ளைகளைக் கேட்டால் சொல்வார்கள்.

கைபேசிக்கு வருகிறேன். இதில் மூன்று வகை உண்டு, மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

என்பிடெல் பாடங்கள் ஒரு வகை. ஐஐடி-களும் பெங்களூர் ஐஐஎஸ்சி-யும் சேர்ந்து நடத்துவது. காணொளியைப் பார்க்க ஒரு ரூபாய்கூட வேண்டாம். சான்றிதழ் வேண்டுமென்றால்தான் தேர்வுக் கட்டணம் 1,000 ரூபாய். பன்னிரண்டு வாரப் பாடத்தில் சிறந்த எட்டு ஒப்படைப்புகளுக்கு 25, மேற்பார்வையில் எழுதும் தேர்வுக்கு 75 என்று கணக்கிடுகிறார்கள். சில பாடங்களுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் உண்டு. நல்ல பாடம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அது தனக்கென்று ஓர் ஒழுங்கில் நடக்கிறது. நம் தாளின் ஐந்து யூனிட்டோடு வரிக்கு வரி பொருந்தாது. அந்தச் சான்றிதழ் வேலைக்கு உதவலாம், அரியர் விழுந்த தாளை அடைக்காது. முதல் ஆண்டிலேயே, அரியர் விழும் முன் பார்க்க வேண்டியது அது. இன்னும் ஆறு வாரத்தில் தேர்வு என்கிற பெண்ணை அதில் உட்காரவைப்பது, கரை இறங்க வேண்டியவரைக் கப்பலில் ஏற்றுவது போல.

இரண்டாவது, யூடியூப்பில் தமிழில் நடத்தும் பாடங்கள். இவை நம் பாடத்திட்டத்தை யூனிட் வாரியாகப் பிரித்து, எந்த மாதிரி வினா வரும் என்று சொல்லி நடத்துகின்றன. எங்கள் பெண் ஒரு முழுப் பட்டியலையும் பார்த்து முடித்திருந்தாள். “பார்க்கும்போது எல்லாம் புரிகிறது, சித்தப்பா. எழுதும்போதுதான் வரவில்லை” என்றாள். இந்த வாக்கியத்தை என் கடை வாசலில் வேறு பிள்ளைகள் வாயிலும் கேட்டிருக்கிறேன்.

மூன்றாவது, செயற்கை நுண்ணறிவுச் செயலி. விடைத்தாளைப் படமெடுத்து அனுப்பினோம். கண் மூடித் திறப்பதற்குள் அதே வினாவுக்கு முழு விடையையும் தொடக்கத்திலிருந்து அழகாக எழுதித் தந்துவிட்டது. “நானும் இப்படித்தானே எழுதியிருக்கிறேன்?” என்றாள் அவள். எந்த வரியில் தவறு என்று திரும்பக் கேட்டோம். அவள் கையெழுத்தைத் தவறாக வாசித்து, சரியாக இருந்த ஒரு வரியைத் தவறு என்றது. மறுத்ததும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வேறொரு வரியைக் காட்டியது. கணக்கு தெரிந்தவர் கையில் இது நல்ல கருவியாக இருக்கலாம். தெரியாதவர்கள் இரண்டு பேர் அதன் முன்னால் உட்கார்ந்தால் மூன்று பேரும் தெரியாதவர்கள்.

இடையில் இன்னொன்று. ‘படிப்புக்கு உதவி’ என்ற பெயரில் ஒப்படைப்பையும் ப்ராஜெக்டையும் எழுதியே தந்துவிடும் கடைகள் இருக்கின்றன. அவற்றின் அறிக்கைகள் அட்டை போட என்னிடம் வரும். ஒரே அறிக்கை இரண்டு பெயர்களில் வந்ததும் உண்டு. அதை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவே மாட்டேன். தேர்வு அறைக்குள் அந்தக் கடைக்காரர் கூட வரப்போவதில்லை.

சீனியர் அண்ணன்கள், அக்காக்களிடம் கேட்பது நம் பக்கத்தில் பழைய வழக்கம். காசு வாங்க மாட்டார்கள். ஒரே தெரு, ஒரே கல்லூரி பஸ். போன ஆண்டுதான் எழுதித் தேறியவர்கள் என்பதால், திருத்துகிறவர் எதற்கு மதிப்பெண் தருவார் என்பது அவர்களுக்கு அத்துபடி. சூத்திரத்தை முதல் வரியில் எழுது, வரைமதிப்பைத் தனி வரியில் போடு என்று அவர்கள் சொன்னது எதுவும் வீணில்லை. எங்கள் தெருவில் இருக்கும் சீனியர் பெண்ணிடம் தாளை நீட்டியதும் வாங்கிப் பார்த்தாள், அதுவரைக்கும் நல்லது. பார்த்துவிட்டு, “இந்த இரண்டு மாடலும் திரும்பத் திரும்ப வரும், அப்படியே மனப்பாடம் செய்துவிடு” என்றாள். அவளுக்கும் அதே நவம்பரில் தேர்வு. அவசரம் அவளுக்கும் இருக்கிறது.

இவ்வளவு அலைந்த பிறகு என் கடைக்கு ஓர் எம்.எட். மாணவர் தன் ஆய்வேட்டுக்காக ஒரு கட்டு பிரிண்ட் எடுக்க வந்தார். தனிப்பயிற்சி பற்றியது என்பதால் சேர்த்து வைத்துக்கொண்டே கேட்டேன். சிகாகோ பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் பெஞ்சமின் புளூம் 1984-இல் எழுதியதைச் சொன்னார்: ஒருவருக்கு ஒருவராக உட்கார்ந்து சொல்லிக்கொடுத்து, சோதித்து, பிழையைத் திருத்தி, பிறகே அடுத்த பாடத்துக்குப் போனால், அப்படிப் படித்த சராசரி மாணவர் வழக்கமான வகுப்பில் படித்தவர்களில் 98 விழுக்காட்டினரைத் தாண்டிவிடுகிறாராம். பின்னால் வந்த ஆய்வுகளில் அவ்வளவு பெரிய வித்தியாசம் கிடைக்கவில்லை என்பதையும் அவரே சொன்னார். 2011-இல் கர்ட் வேன்லென் என்பவர் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்திருக்கிறார். கடைசி விடையை மட்டும் பார்த்துச் சரி, தவறு என்று சொல்லும் கணினிப் பயிற்சியால் பலன் குறைவு; மாணவர் போடும் ஒவ்வொரு படியையும் பார்த்துத் திருத்தும் கணினிப் பயிற்சியோ கிட்டத்தட்ட மனித ஆசிரியர் அளவுக்கே பலன் தந்திருக்கிறது. ஆள் எதிரே இருப்பதில் பெரிய மந்திரம் ஏதுமில்லை, படியைப் பார்க்கிறாரா என்பதுதான் விஷயம் என்றார் அவர். கணக்கே தெரியாத நான் விடைத்தாளைத் தூக்கிக்கொண்டு அலைந்தது அவ்வளவு முட்டாள்தனம் இல்லை என்று அன்றுதான் தைரியம் வந்தது. அவருக்கு அட்டை இலவசமாகப் போட்டுக் கொடுத்தேன்.

கடைசியாகக் கிடைத்த வழி எங்களுக்கு எட்டு கிலோமீட்டருக்குள்ளேயே இருந்தது. தங்கச்சிமடத்தில் எம்.எஸ்சி. கணிதமும் பி.எட்.டும் முடித்துவிட்டு, கைக்குழந்தையோடு வீட்டிலிருந்தபடி ஆசிரியர் தேர்வுக்குப் படிக்கும் ஒரு பெண். இந்தக் கடற்கரையில் ஊருக்கு இரண்டு மூன்று பேராவது இப்படி இருக்கிறார்கள். பலகை வைக்க மாட்டார்கள், விளம்பரம் கிடையாது. கோயில், பள்ளிவாசல், மாதா கோயில் வாசலில் நாலு பெண்களிடம் விசாரித்தால்தான் தெரியும். கட்டணம் எவ்வளவு என்று அவராகச் சொல்லவும் தெரியவில்லை. நாங்கள்தான் கேட்டு, ஒரு தடவை உட்கார 200 ரூபாய் என்று முடிவு செய்தோம்.

தாளை நீட்டினேன். குழந்தையை மடியில் மாற்றிப் போட்டுக்கொண்டு, பென்சிலை எடுத்தார். பத்து நிமிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. முதல் பெரிய வினா, சைன் அரைவீச்சுத் தொடர். இரண்டாவது வரியில் பென்சில் நின்றது. பிறகு பக்கங்களைத் தள்ளி, கம்பி அதிர்வுக் கணக்கில் ஓர் இடத்தில் நின்றது. அதற்கும் பின்னால் வெப்பக் கணக்கில் இன்னோர் இடம். மூன்று இடத்திலும் சின்னதாக ஒரு வட்டம்.

“தாயி, இங்கே காஸ் என் பை-க்கு என்ன போட்டிருக்கிறாய்?”

(தாளில் cos nπ என்று எழுதுவது அது. காதில் விழும்போது யாரோ தன் பையைத் தேடுவது போலத்தான் இருக்கிறது எனக்கு.)

“மைனஸ் ஒன்று அக்கா. காஸ் பை மைனஸ் ஒன்றுதானே?”

“சரி. என் இரண்டு என்றால்? காஸ் இரண்டு பை?”

எங்கள் பெண் வாய்க்குள் முணுமுணுத்தாள். விரலால் காற்றில் ஒரு வட்டம் போட்டாள். “ஒன்று” என்றாள். “மூன்று பை?” “மைனஸ் ஒன்று.” “நான்கு பை?” பதில் வரவில்லை. தாளைப் பார்த்தாள், மூன்று வட்டத்தையும் பார்த்தாள். ஒற்றைப்படைக்கு ஒன்று, இரட்டைப்படைக்கு இன்னொன்று என்று குறி மாறிக்கொண்டே போக வேண்டியதை, எல்லாவற்றுக்கும் மைனஸ் ஒன்று என்று வைத்து நான்கு பக்கம் எழுதியிருக்கிறாள். மூன்று பெரிய வினாக்களும் அதே கல்லில் இடறி விழுந்திருக்கின்றன. இரண்டு தேர்வு, ஓர் ஆண்டு. யூடியூப்பில் நடத்தியவர் சரியாகத்தான் நடத்தினார். வகுப்பில் ஆசிரியரும் சரியாகத்தான் எழுதிப்போட்டார். இவள் மனத்தில் உட்கார்ந்திருந்த மைனஸ் ஒன்றை யாரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

இந்த வழியிலும் ஓட்டைகள் உண்டு. குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் வகுப்பு இல்லை. அவருக்கு ஆசிரியர் தேர்வு அறிவிப்பு வந்தால் நம்மை விட்டுவிடுவார், விடத்தான் வேண்டும். கணக்கு, இயற்பியல், வணிகக் கணக்கியலுக்கு ஆள் கிடைப்பது போல எலெக்ட்ரானிக்ஸ் தாளுக்கோ மெக்கானிக்கல் தாளுக்கோ ஊருக்குள் ஆள் கிடைக்காது. அவற்றுக்குக் கல்லூரி ஆசிரியரும் சீனியரும்தான்.

எல்லாப் பிள்ளைகளுக்கும் இதே தேர்வு பொருந்தும் என்றும் சொல்ல மாட்டேன். என் கடைக்குப் பக்கத்து வீட்டுப் பையன் அழகப்பா பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் கல்லூரியில் பி.காம். படிக்கிறான். அவனுக்குக் கணக்கியல் வருகிறது. அரியர் விழுந்தது ஆங்கிலத்தில். தமிழ் வழியில் பன்னிரண்டு வகுப்பு முடித்தவனுக்கு வாரம் இரண்டு மணி நேரம் யாரோ உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பதால் ஒரு மொழி வந்துவிடாது. அவனுக்கு நான் சொன்னது, கல்லூரி ஆங்கில ஆசிரியரிடம் தினம் ஒரு பத்தி எழுதிக் காட்டு என்பதுதான். காசு செலவில்லை. அந்த ஆசிரியர் திருத்திக் கொடுக்கவும் செய்கிறார். ஆனால் பையன்தான் ஐந்து நாளுக்கு மேல் தொடர்ந்து எழுதவில்லை.

பணத்தை எப்படிக் கொடுப்பது என்பது, எவ்வளவு என்பதைவிட இந்தப் பக்கத்தில் பெரிய கேள்வி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். இரட்டைப்படை செமஸ்டர் தேர்வும் அப்போதுதான் வருகிறது. விசைப்படகில் பங்குக்குப் போகிறவர் வீட்டில் அந்த இரண்டு மாதம் அரசு தரும் 8,000 ரூபாய் நிவாரணத்தைத் தவிரக் கையில் நின்று தங்குகிற காசு குறைவு. அக்டோபர், நவம்பரிலோ புயல் கூண்டு ஏறினால் கடலுக்குப் போக முடியாது. ஆக, தேர்வு நெருங்கும் இரண்டு பருவமும் வீட்டில் காசு வற்றும் பருவங்களே. முழுத் தாளுக்கும் முன்பணம் கேட்கும் இடங்கள் இதனாலேயே நமக்குப் பொருந்தாது. கட்டுவதற்கு வட்டிக்கு வாங்க வேண்டியிருக்கும். தடவைக்கு இவ்வளவு என்று கொடுக்கும் ஏற்பாட்டில், வராத வாரத்துக்குக் கடன் இல்லை. அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் வங்கிக் கணக்குக்கே வருகிறது. மாதம் ஐந்து தடவைக்கு அது சரியாக வந்துவிடும். அண்ணனிடம் கேட்க வேண்டிய அவசியமே இல்லை என்பது அவளுக்கு என்னைவிடப் பெரிய நிம்மதி.

இப்போதைய ஏற்பாடு இதுதான்: ஞாயிறுதோறும் தங்கச்சிமடம், நடுவில் ஒரு நாள் மாலை அவசரத்துக்கு. ஒரு வாரத்தில் போட்ட கணக்குகளை வெள்ளைத்தாளில் எழுதி எடுத்துப் போகிறாள், அக்கா வட்டமிட்டுத் தருகிறார். கல்லூரி ஆசிரியரிடம் மதிய இடைவேளையில் வாரம் ஒரு வினா. யூடியூப் உண்டு, ஆனால் வட்டம் விழுந்த பகுதிக்கு மட்டும். மொத்தம் நான்கு ஞாயிறு போயிருக்கிறது. ஒரு முறை குழந்தைக்குச் சளி என்று கதவிலேயே திரும்பினாள். கடந்த ஞாயிறு ஒரே ஒரு வட்டம்தான் என்று போனில் சொன்னாள்; அதுவும் காஸ் என் பை-யில் இல்லையாம்.

‘முக்கிய வினாக்கள்’ கட்டு இந்த ஆண்டும் நேற்று கடைக்கு வந்து சேர்ந்தது. எனக்கும் ஒரு பிரதி வேண்டும் சித்தப்பா என்றாள். எடுத்து வைத்திருக்கிறேன். கீறலாகிப் போன குறிகளை மட்டும் அந்த அக்காவிடம் கொடுத்துப் பேனாவால் எழுதி வாங்கிக்கொள்ளச் சொல்ல வேண்டும்.